நெல்லித்தோப்பு முனையில் உன் பேனர்

என் ஆசை அண்ணாவுக்கு,

நம் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தாய்மாமன் உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீதான் அவசரப்பட்டுக் கிளம்பிவிட்டாயே, அதனால் எழுதுகிறேன். பையன் தங்கமானவன். மண்டபம் மூலக்குளத்தில். என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, முட்டி வலியோடு பத்திரிகை வைக்க அலைகிறார். எனக்கு உடம்பும் மனசும் சேர்ந்தே அசந்துபோய்விட்டது அண்ணா.

கல்யாண வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னை இப்படி அசர வைத்தது ஒரு பேனர்.

நம் ஊர் சங்கதி உனக்குத் தெரியாதா? காது குத்தினாலும் பேனர், கண்ணை மூடினாலும் பேனர். பாரீஸில் நிதி இலாகாவில் இருந்த உன்னை, பிரெஞ்சு பேசும் அந்தக் குட்டித் தீவு நாடு கூப்பிட்டுத் தன் மைய வங்கிக்குக் கவர்னராக்கியதே. அந்தச் சேதி வந்ததும் நம் தெருப் பையன்கள் முனையில் கட்டினார்கள் பார், மாடி உயரத்துக்கு! கோட்டும் டையுமாக நீ. காலடியில் வரிசையாக அவர்கள் தலைகள். லீவில் வந்து ஆட்டோவை விட்டு இறங்கியவன் கூசிப்போய்விட்டாய்.

"என்னா பாப்பா இது? நான் என்னா எலெக்ஷன்லயா நிக்கிறேன்?"

அந்த நாட்டு நோட்டில் எல்லாம் உன் கையெழுத்துதான் என்று தெரிந்ததும் தெருவே நம் வாசலில் நின்றது. பையனுக்கு வேலை, மகளுக்குக் காலேஜ் சீட்டு, வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கவர்னர் நெல்லித்தோப்புக்கு எப்படிக் குழாய் போடுவார்? யாருக்கு அந்தக் கவலை! எனக்கும் தலைகால் புரியாத பெருமை. மார்க்கெட்டுக்குப் போனால்கூட அந்த முனையைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

அப்புறம் ஒரு நாள் ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றாய். என்ன ஏது என்று கேட்க எனக்குப் பயம். அடுப்படியில் காப்பி குடித்துக்கொண்டே நீயாகத்தான் சொன்னாய்.

"எலெக்ஷன் வருது, செலவுக்கு நோட்டு அடிச்சுக் குடுன்னாரு அந்த நாட்டு ஜனாதிபதி. மொத தடவ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் பாப்பா. அரிசி வெல எகிறிப் போச்சு. ஜனங்க கட வாசல்ல முட்டிமோதிக்கினு நின்னாங்க. ரெண்டாவது தடவ கேட்டாரு, முடியாதுன்னுட்டேன். இப்ப மொத தடவ போட்டதுக்குக் கேசு, டிஸ்மிஸ்."

"கேட்டவனே கேசு போட்டானா? இது என்னா அநியாயம்!"

"கையெழுத்துப் போட்டது நான்தானே பாப்பா."

நான் கத்தினேன், நீ கத்தவில்லை. அந்த ஆள் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தால்தான் என்ன? இன்றைக்கும் எனக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

சட்டை தேய்க்கப் போனோமே, நினைவிருக்கிறதா? இஸ்திரி வண்டிக்கு மேலே வெயிலுக்குக் கட்டியிருந்தது உன் பேனர். கோட்டும் டையுமாக நீயே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "இது யாருப்பா?" என்று கேட்டாய். இஸ்திரிக்காரர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரோ தோத்துப் போனவரு சார். துணி மட்டும் நல்லா கெட்டி."

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாய். "ஒருத்தருக்காவது நெழல் குடுக்கறேன் பாப்பா" என்றாய். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாய். செத்தவர்களுக்கெல்லாம் கண்ணீர் அஞ்சலி கட்டும் இந்தத் தெருவில் உனக்கு ஒரு முழத் துணி கட்ட ஆள் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

இப்போது கல்யாண பேனர். பொண்ணு மாப்பிள்ளைக்கு மேலே, போய்ச் சேர்ந்த பெரியவர்கள் படம் போடுவது வழக்கமாயிற்றே. உன் படத்தைக் கொடுத்தேன். சம்பந்தி வீடு தேடி வந்துவிட்டார்.

"பாரீஸ்ல எங்க ஜனங்க இருக்காங்க சம்பந்திம்மா. உங்க அண்ணன் விஷயம் அங்க எல்லாருக்கும் தெரியும். அவர் படம் வேணாமே."

உன் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "உட்டுடு விஜயா, பொண்ணு வாழ்க்க" என்றார். ஏதாவது பேசி இந்த இடம் தட்டிப் போய்விட்டால் கவிதா முகத்தில் எப்படி விழிப்பேன்? அவள் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்தும் சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன்.

"தப்பு பண்ணாருதாங்க. அவரே சொன்னாரு, நானும் மறைக்கல. நிச்சயத்தன்னிக்கு தாய்மாமன் எடத்துல அவரு படத்த வச்சித்தான தட்டு மாத்தினோம்? அன்னிக்கு ஆனவரு இன்னிக்கு ஆவலையா?"

அவர் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, "சரி, போட்டுக்குங்க. கவர்னர்னு மட்டும் போடாதீங்க" என்றார். அவர் போனதும் கவிதா வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம்.

இன்று காலை பேனர் கடைக்குப் போனேன். "பேருக்குக் கீழ என்னா போடட்டும் அக்கா?" என்று கேட்டான். தாய்மாமன் என்று மட்டும் போடச் சொன்னேன். கொடுத்தவர்களே பிடுங்கிக்கொண்ட பதவி நமக்கு எதற்கு அண்ணா? இதை நான் கொடுத்தேன், என் மகள் பிறந்த அன்றைக்கு. இதை யார் வந்து பிடுங்குவார்கள்?

கல்யாணம் முடிந்ததும் பேனரை நானே அவிழ்ப்பேன். இஸ்திரி வண்டியில் உன் பழைய பேனர் துணி கிழிந்து தொங்குகிறது. இந்தப் புதுசை இஸ்திரிக்காரரிடம் கொடுத்து, "யாருன்னு கேட்டா எங்க அண்ணன்னு சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டு வருவேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
பாப்பா