எடுத்து வைத்த சிவப்பு அட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் தேவலை, அறை அறையாக என் பின்னால் வந்து திட்டும் அளவுக்கு நடக்கிறாள். போனில் பேசியிருக்கலாமே என்பாய், இதைச் சொல்ல வாய் வரவில்லை கண்ணு, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மருந்துக்கடைக்கு எதிரே தையல்கடை வைத்திருப்பவரின் பத்து மாதப் பெண் பட்டாணிக்கு ஒரே ஒரு பால்மாவுதான் ஒத்துக்கொள்ளும், மாற்றினால் வயிற்றால் போய் ஆஸ்பத்திரிதான் என்று உனக்குத் தெரியும். ஒரு டப்பா நான்கு நாளைக்கு வரும், ஆர்டர் போட்டால் சரக்கு வந்து சேரப் பன்னிரண்டு நாள். அதற்காகத்தானே போன தடவை வந்தபோது, கடைசி நான்கு டப்பாவுக்கு முன்னால் "அப்பா, இங்க வந்ததும் ஆர்டர் போடுங்க" என்று சிவப்பு அட்டையில் எழுதி வைத்துவிட்டுப் போனாய். அது என் கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் அழுக்காகிவிட்டது. உன் கையெழுத்தாயிற்றே என்று வீட்டுக்கு எடுத்துவந்து பீரோவில் வைத்தேன், வேறு அட்டை எழுதலாம் என்றிருந்தவன் மறந்தே போனேன். கவனித்தபோது இரண்டு டப்பாதான் இருந்தது.

அன்றே ஆர்டர் போட்டேன், இன்றோடு ஐந்து நாள். மாவு இன்னும் மூன்று நாளைக்குத்தான் வரும், லாரி வர ஏழு நாளாவது ஆகும். அதுவும் வழியில் பாலம் ரிப்பேராம், போனில் அந்த லாரியைக் காட்டும் புள்ளி முந்தாநாளிலிருந்து நகரவில்லை, நானும் கல்லாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுற்றியுள்ள கடைகளில் எல்லாம் கேட்டாயிற்று, யாரும் இருப்பு வைப்பதில்லை, தேவைக்குத்தான் வரவழைக்கிறார்களாம். நீ அனுப்பினாலும் லாரிக்குப் பிறகுதான் வரும்.

தையல்காரர் லாரியின் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளதைச் சொல்லிவிட்டு வரும்படி அம்மா நேற்று விரட்டினாள், போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "லாரி வரலைன்னா நீங்க என்னண்ணே பண்ணுவீங்க" என்றார். என் சட்டையில் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, நிற்கவைத்தே தைத்தும் கொடுத்தார். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு ஸ்பூன் குறைத்துப் போடுகிறார்களாம். குறைக்காதீர்கள் என்றேன். வேறென்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை, நானும் உள்ளதைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

நீ வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். இது உன் கைக்கு வரப் பத்து நாளாகும், அதற்குள் அந்தக் குழந்தைக்கு என்ன ஆக வேண்டுமோ அது ஆகியிருக்கும். படித்ததும் மறக்காமல் போன் செய். ஆனால் பட்டாணி எப்படி இருக்கிறாள் என்று எடுத்ததும் கேட்டுவிடாதே, நானாகச் சொல்லும்வரை கொஞ்சம் பொறு.

அவர் பொத்தான் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே எழுதும்,
உன் அப்பா