அறுநூறு எம்பிக்குள்

நவம்பர் 11, செவ்வாய்
விடியக்காலையிலிருந்து தூறல். சாலவாக்கம் டவர் மறுபடி படுத்துக்கிச்சு. நேத்து அனுப்பின ஃபைல் பாதியில நின்னுபோச்சு. சென்னை ஆபீஸ்லேர்ந்து சுபா மேடம் போன். பழைய கட்டட வரைபடங்களை ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க, நான் இங்க சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்பணும். ஒரு நாளைக்கு மூணு ஜிபி.

"மீனா, திங்கக்கிழமைக்குள்ள வழி பண்ணு. இல்லனா ஆபீஸுக்கே வந்துடு. உன் பழைய ஹாஸ்டல்ல இடம் இருக்கு."

கல்யாணத்துக்கு முன்ன ரெண்டு வருஷம் இருந்த ஹாஸ்டல். போனை வச்சப்புறம் கொஞ்ச நேரம் எந்த வேலையும் ஓடல.

வீட்டுக்காரர் சேகர் ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் சொன்னேன். "ஃபைல சின்னதாக்கி அனுப்ப சாப்ட்வேர் இல்லியா இன்னா? தேடிப் பாரு. சின்னதாச்சுன்னா இங்கயே இரு. ஒண்ணுமே சரிவரலன்னா போ, வாணாம்னு சொல்லல."

நவம்பர் 12, புதன்
வாங்க: து.பருப்பு, அத்தைக்கு முட்டி தைலம், ஹேர்பின்.
மத்தியானம் டவர் நல்லா இருக்கிற ரெண்டு மணி நேரத்துல அறுநூறு எம்பிதான் ஏறும். அதுக்குள்ள வரணும்.
ஒரே ஃபோல்டர், மூணு ஜிபி. சின்னதாக்கினா:
ஜிப் – 1.4
ரார் – 1.1
அத்தை பின்னால வந்து நின்னாங்க. "இன்னாமா, காலைலேர்ந்து அந்தப் பச்சக் கோடு ஓடுறதயே பாத்துக்கினு கீற?"
சேகர் வந்ததும் முதல் கேள்வி. எவ்ளோ வந்துது?
"ஒண்ணு புள்ளி ஒண்ணு. அதுக்குக் கீழ வரல."
சந்தோஷமா சொல்லிட்டேனோன்னு பயம்.

நவம்பர் 13, வியாழன்
மழை இல்ல. புழுக்கம். அத்தை ரேஷன் கடைக்கு.
செவன் ஜிப். சும்மா போட்டா 900 எம்பி. அப்புறம் தோணிச்சு: ஒரே கட்டடத்தோட ஒன்பது மாடி, எல்லா மாடியிலயும் அதே கோடுங்க. எல்லாத்தையும் ஒரே கட்டா சேர்த்து, 'டிக்‌ஷனரி' அளவைக் கூட்டினா, திரும்பத் திரும்ப வர்றதை ஒரு தடவைதான் எழுதும். 256 வச்சேன், லேப்டாப் தொங்கிடுச்சு. 64 வச்சேன். முக்கால் மணி நேரம்.
412 எம்பி.
யோசிச்சது சரியா வந்ததுல ஒரு நிமிஷம் பெருமை. அப்புறம் அந்த ஃபைலை அழிச்சேன். ரீசைக்கிள் பின்லயும் போய் அழிச்சேன்.

நவம்பர் 14, வெள்ளி
தலைவலி. வாசல்ல தண்ணி தேங்கி நிக்குது.
சேகர்கிட்ட தொள்ளாயிரம்னு சொன்னேன். அதுவும் வந்த நம்பர்தானே.
அவரு சட்டைப் பையிலேர்ந்து நனைஞ்ச சீட்டு எடுத்தாரு. உத்திரமேரூர்ல கம்ப்யூட்டர் கடைக்காரர் எழுதிக் குடுத்தாராம். செவன் ஜிப், அல்ட்ரா, 64. நான் வச்ச அதே 64. "உனக்கோசரம்தான் மழையில போனேன். நாளிக்கு ரெண்டு பேரும் சேந்து போட்டுப் பாக்கலாம்."
நல்ல மனுஷன். அதான் பேஜாரு. கெட்டவரா இருந்தா சண்டை போடலாம்.

நவம்பர் 15, சனி
பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தாரு. முக்கால் மணி நேரமும் எழுந்திரிக்கல. 412.
"யம்மா, மீனா எங்கியும் போவ வாணாம்."
அத்தை டீ போடப் போனாங்க.
"முந்தாநாளே எனக்கு இது வந்துது. நான்தான் அழிச்சேன்."
"எதுக்கு?"
"சின்னதாச்சுன்னா இங்கயே இருன்னு சொன்னீங்க."
நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்தாரு. அப்புறம், "இங்க உனக்கு இன்னா கொற?"
தேடிப் பார்த்தேன். சொல்ற மாதிரி ஒண்ணும் கிடைக்கல. "கொற இல்ல. எனக்குப் போவணும்."
வண்டி எடுத்துக்கினு போயிட்டாரு. டீ ஆறி ஆடை கட்டிச்சு.

நவம்பர் 16, ஞாயிறு
வெயில். சாதமும் மொச்சக் குழம்பும்.
மேடத்துக்கு மெசேஜ்: ஃபைல் 412க்கு வந்துடுச்சு, இங்கேர்ந்தே அனுப்பலாம். ஆனா நான் வர்றேன்.
பதில்: சரி வா.
சேகர்கிட்ட காட்டினேன். ரெண்டு தடவை படிச்சாரு.
"எப்போ வருவ?"
"வெள்ளிக்கிழம சாயந்திரம்."
போனைத் திருப்பிக் குடுத்தாரு. அத்தை கதவோரமா நின்னு பார்த்துக்கினு இருக்காங்க. துணி மடிக்கிறேன். அஞ்சு சுடிதார், ஒரு போர்வை.