மாதா சொரூபத்துக்கு நாலாவது தோள்

ஓகஸ்ட் 8, 2004. ஞாயிறு

வெக்கை. மொன்றியல் முழுவதையும் யாரோ இடியப்பப் பானைக்குள் வைத்து மூடிவிட்டார்கள். வரும் ஞாயிறு மாதா திருநாள். சொரூபத்தைத் தோளில் தூக்கிக் கோவிலைச் சுற்றி முடிய மண்டபத்தில் பேச்சு: அடியேன். கோவிலைக் கட்டியவர்கள் ஐரிஷ்காரர். ஆகவே தலைப்பு, அயர்லாந்துக் கத்தோலிக்கர் பட்ட பாடு. உலகத்தின் மிகப் பெரிய வாயான என் வாய்க்கு ஏற்ற தலைப்பு.

அக்கா மகள் அஞ்சலா நூலகத்தில் தேடித் தந்தாள். முந்நூறு வருசத்துக்கு முன் ஆங்கிலேயர் போட்ட சட்டம், ஐரிஷ்காரருடைய சொந்த நாட்டிலேயே, கத்தோலிக்கருக்கு: வாக்கு இல்லை. காணி வாங்க முடியாது. பள்ளிக்கூடம் நடத்த முடியாது. பூசை வயல்வெளியில், பாறை மேல், ஒளித்து.

"மாமா, கத்தோலிக்கன் அஞ்சு பவுண் காசுக்கு மேல பெறுமதியான குதிரை வச்சிருக்கேலாதாம். புரட்டஸ்தாந்துக்காரன் அஞ்சு பவுணை நீட்டினா குடுக்கத்தான் வேணுமாம்."

"கழுதையெண்டா?"

"பகிடி விடாதேங்கோ மாமா."

பிறகு அழுதேன். ஒரு வாளி. (சரி, ஒரு சொட்டு.)

ஓகஸ்ட் 10, செவ்வாய்

திருநாள் குழுக் கூட்டம், என் வீட்டு நிலவறையில். மனைவி பொரித்த றோல்ஸ். சொரூபம் தூக்க நாலு பேர். தலைவர் அல்போன்ஸ் அண்ணை, அவர் தம்பி, நான். நாலாவது ஆள் ரொறொன்ரோவுக்குக் குடிபோய்விட்டார். யாரோ றொபேட்டின் பெயரைச் சொன்னார்கள். உடுப்புத் தொழிற்சாலையில் தைப்பவர். ஒரு ஞாயிறு பூசையும் தவறாதவர்.

அல்போன்ஸ் அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார்.

"நல்ல மனிசன்தான். ஆனா அவையள் ஊரிலயும் தோள் குடுக்கிறேல்லைத்தானே."

சாதி என்ற சொல் வரவில்லை. வராது. நாங்கள் பண்பானவர்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் தானாகத் திறந்தது.

"ஆள் கட்டை, அண்ணை. அவர் தூக்கினா மாதா சரிஞ்சு உருண்டு ஆத்துக்கு அங்கால லொங்குய்யிலதான் போய் நிப்பா."

சிரிப்பில் கூரை எழும்பிப் போனது. விஷயம் முடிந்தது. படியில் தேத்தண்ணீர்த் தட்டோடு அஞ்சலா. அவள் சிரிக்கவில்லை.



ஓகஸ்ட் 13, வெள்ளி

மழை. வாசலில் றொபேட், கையில் ஒரு பை.

"அண்ணை, உயரம் காணாதெண்டுதான் என்னை எடுக்கேல்லையெண்டு கேள்விப்பட்டன். இதை ஒருக்காப் பாருங்கோ."

தோளுக்கு வைக்கும் மெத்தை. நீலத் துணி, உள்ளே பஞ்சு, மூன்று விரல் தடிப்பு. அவரே தைத்தது. தோளில் வைத்து, எனக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று காட்டினார்.

"இப்ப உங்களோட சமன்தானே?"

சமன்தான். ஒரு நூல் பிசகில்லை.

பத்தாயிரம் மேடை கண்ட வாய் சொன்னது: "அல்போன்ஸ் அண்ணையோட கதைச்சுப் பாக்கிறன்."

கதைக்கவில்லை. ரெலிபோனை எடுத்தேன், வைத்தேன். திரும்ப எடுத்தேன். அவர் "ஹலோ" என்றார். ஞாயிறு மழை வருமா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

ஓகஸ்ட் 15, ஞாயிறு. திருநாள்

நல்ல வெயில். றொபேட் எனக்கு முன்னமே வந்து நின்றார். வெள்ளைச் சேட், தோளில் மெத்தை. அல்போன்ஸ் அண்ணை தன் மருமகனைக் கூட்டி வந்து சொரூபத்தைத் தாங்கும் நாலாவது தடியில் நிறுத்தினார். மருமகன் றொபேட்டைவிட ஒரு சாண் கட்டை.

றொபேட் அவனைப் பார்த்தார். பிறகு என்னை. நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"அண்ணை, கதைச்சுப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"ஓம். விளங்குது."

மெத்தையை எடுத்துப் பைக்குள் வைத்தார். மாதா சரிந்தபடியே கோவிலைச் சுற்றினார். என் தோளில் பாரம் இல்லை. எல்லாம் மருமகன் பக்கம்.

மண்டபம். பேச்சு. கழுதைப் பகிடிக்கு நல்ல சிரிப்பு. வாக்கில்லை, காணியில்லை, பாறை மேல் பூசை. அல்போன்ஸ் அண்ணை கண்ணைத் துடைத்தார். கடைசி வரியை விட்டுவிட நினைத்தேன். தாளில் கிடந்தது, வாய் வாசித்துவிட்டது: "ஒருவன் எந்த வீட்டில் பிறந்தான் என்று பார்த்து அவனைத் தள்ளி வைத்த சட்டம், சபையோரே."

பின்வரிசையில் றொபேட். முதலில் கை தட்டியவர் அவர்தான்.