ஆடி மாதத் தண்ணீர்

அக்கா, இன்று காலை உங்கள் பழைய குசினிக்குப் போயிருந்தேன். உப்புவெளியில் நீங்கள் சமையலறையில் கோப்பை கழுவிய அதே விடுதிதான். முன்பு நான் பூட்டிய கோப்பை கழுவும் மெசின் இனி ஓடாது, கழற்றிவிட்டுப் புதியது பூட்டுங்கோ என்று அழைத்திருந்தார்கள். சுவரோடு நின்றதை நானும் சமையல்காரரும் இழுத்தபோது கழிவுக் குழாய்க்குப் பின்னால் நழுவிச் சிக்கியிருந்த ஒரு சின்னக் கட்டு விழுந்தது. வெற்று உப்புப் பைக்கற்றுகள். நாலாக மடித்து, றப்பர் பாண்ட் போட்டிருந்தது. ஏழு. எண்ணியவுடன் விளங்கிவிட்டது. அந்த ஈரத் தரையிலேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். முழங்கால் நோகிறது என்று சமையல்காரருக்குச் சொன்னேன்.

அந்த மெசினைப் பூட்ட நான் வந்தது ஒரு தை மாதம். சீசனுக்கு முன் வேலை முடியவேண்டும் என்பதால் கரையோர விடுதிகளுக்கு நாங்கள் மாரி மழைக் காலத்தில்தான் போவோம். நீங்கள் தொட்டியடியில் நின்று கழுவிக்கொண்டே என்னைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள். பெட்டியைப் பிரித்ததும் நேரே கேட்டீர்கள், இது வந்தால் உங்களை வேலையிலிருந்து நிற்பாட்டிவிடுவார்களா என்று. இல்லை அக்கா, மெசினுக்கும் ஆள் வேண்டும், உங்கள் கைதான் கொஞ்சம் ஆறும் என்றேன். சவர்க்காரத் தண்ணீரில் உங்கள் விரல்கள் வெடித்து, இரண்டில் துணி சுற்றியிருந்தது. நான் சொன்னதை நம்பினீர்கள். பால் விடாமல் பிளேன்ரீ ஊற்றித் தந்தீர்கள்.

எனக்கு அந்த நாட்களில் என் வேலையைப் பற்றிப் பெரிய எண்ணம். மற்றவர்கள் விடும் பிழையெல்லாம் எனக்குப் பாடம். குசினித் தரை சரிவாக இருக்கும், ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் மெசினை நிறுத்தினால் கதவால் தண்ணீர் கசியும். கழிவுக் குழாயை வளைத்து உயர்த்திக் கட்டாவிட்டால் ஊத்தைத் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். பழைய வயரிலேயே கரண்ட் எடுத்தால் வயர் உருகும். இதில் ஒன்றையும் நான் விடவில்லை. கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு அளக்கும் ஒரு காகிதத் துண்டைத் தோய்த்துப் பார்த்தேன். சுண்ணாம்பு மிகக் குறைவு. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை அந்த மெசின் உப்பை வைத்துத்தான் எடுக்கும். எவ்வளவு எடுக்கவேண்டும் என்பதற்கு ஒரு குமிழ் இருக்கிறது. அதை ஆகக் குறைந்த இலக்கத்தில் வைத்தேன்.

அப்போதுதான் சொன்னீர்கள். "தம்பி, இது மாரித் தண்ணி. ஆடியில கிணறு வத்தேக்க வந்து பாருங்கோ, இதில தேத்தண்ணி போட்டு வாயில வைக்க ஏலாது."

அதற்குத்தான் அக்கா மாதம் ஒரு பைக்கற் உப்பு என்று மூடியைத் திறந்து காட்டினேன். உப்புத் தண்ணீருக்கு மேலே உப்பா, உங்கள் மெசினுக்கும் விசர்தான் என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்ததில் நீங்கள் சொன்னது போய்விட்டது.

ஆடிக் கடைசியில், விடுதி நிறைந்திருந்த நேரம், மெசின் நின்றுபோனது. அதற்கு முதலே கிளாஸ்கள் வெள்ளை படிந்து வருகின்றன என்று வெள்ளைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்களாம். திறந்து பார்த்தேன். ஹீற்றரைச் சுற்றி விரல் தடிப்புக்குச் சுண்ணாம்பு. குமிழைப் பார்த்தேன். அது நான் மாரித் தண்ணீருக்கு வைத்த இலக்கத்திலேயே இருந்தது; எவ்வளவு உப்புப் போட்டாலும் ஆடித் தண்ணீருக்கு அது போதாது. பிழை யாருடையது என்று அந்தக் கணமே எனக்குத் தெரியும். மனேஜர் என் தலைக்கு மேலே நின்று, இவ உப்புப் போடவில்லையா என்று கேட்டார். இந்தப் பழுது என் பெயரில் எழுதப்பட்டால் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

"உப்பு ஒழுங்காப் போட்டா இப்பிடி வராது" என்றேன்.

தொட்டிக்குள் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு கழுவத் தொடங்கினீர்கள்.

இரண்டு நாள் கழித்துப் புது ஹீற்றரோடு வந்தபோது தொட்டியடியில் வேறொரு பிள்ளை நின்றாள். யாரும் பார்க்காத நேரம் குமிழை மேலே திருகினேன். அதன் பிறகு அந்த மெசின் ஒரு நாளும் என்னை அழைப்பிக்கவில்லை. நல்லாகப் பூட்டியிருக்கிறீர்கள் என்று மனேஜர் அடிக்கடி சொல்வார். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு வருடம் கழித்து பஸ் ஸ்ராண்டில் உங்களைக் கண்டேன். ஒளியலாம் என்று பார்த்தேன், நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். இலங்கைத்துறைப் பக்கம் மீன் வாடியில் கருவாடு போடும் வேலை என்றீர்கள். கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தீர்கள். வெடித்த கையோடு நாள் முழுக்க உப்புக்குள் வேலை. கை ஆறும் என்று உங்களுக்குச் சொன்னவன் நான்.

"நான் உப்புப் போட்டனான், தம்பி."

"தெரியும், அக்கா."

"உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும். அவைக்குத் தெரியாதே."

போய்ச் சொல்கிறேன் என்றேன். நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கோ என்றீர்கள், ஏதோ என்னைச் சிரமப்படுத்துவதுபோல. பஸ் வந்தது, ஏறிப் போனீர்கள். அதன் பிறகு எத்தனை முறை அந்த விடுதி வாசலைக் கடந்தேன், எத்தனை முறை மனேஜரோடு தேத்தண்ணீர் குடித்தேன். சொல்லவில்லை. காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டபோது முப்பத்தொன்றாம் நாள் கிரியையும் முடிந்திருந்தது. வெட்கத்தில் வீட்டுப் பக்கமும் போகவில்லை.

இன்று புது மெசினைப் பூட்டும்போது, தொட்டியடியில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு ஆடியில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். இப்போது எல்லாக் குசினியிலும் கேட்கிறேன். அவளும் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னாள். அந்தக் கணக்கில் குமிழை வைத்தேன். பிறகு அந்தக் கட்டைக் கொண்டுபோய் மனேஜரின் மேசையில் வைத்தேன். தை முதல் ஆடி வரை ஏழு மாதம், ஏழு பைக்கற், அக்கா ஒன்றும் தவறவிடவில்லை, பிழை என்னுடையது என்றேன். அவருக்கும் வயது போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பைக்கற்றுகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார்.

"அவ அண்டைக்கே சொன்னவ, போட்டனான் எண்டு. அழுதவ. நான் உங்களையெல்லோ நம்பினனான்."

அந்தப் பைக்கற்றுக் கட்டை அவரிடமே விட்டுவிட்டு வரத்தான் நினைத்திருந்தேன். முடியவில்லை. இப்போது என் சாமான் பெட்டியில், ரசமட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாளைக்கு நிலாவெளியில் ஒரு மெசின் பூட்ட வேண்டும். பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் படப்போவது நீங்கள் மடித்து வைத்ததுதான்.