சார் வீட்டுச் சாமான்

ஜூன் 6

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

கம்பெனி என்னை மாற்றிய இந்த ஊருக்கு நம் வீட்டுச் சாமான்கள் ஒருவழியாகக் கப்பலில் வந்து சேர்ந்தன. துறைமுகத்தில் கிடந்ததில் மெத்தையெல்லாம் பூஞ்சணம். பீரோ மாடிப்படித் திருப்பத்தில் நுழையவில்லை. கதவைக் கழற்றிப் பார்த்தும் நுழையாமல் கீழேயே நிற்கிறது. குப்பைக்கூடையைக் குப்பையோடு காகிதம் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். வெங்காயத் தோலுக்கும் கப்பல் யோகம். இத்தனை வருடம் உழைத்தவனுக்குக் கம்பெனி செய்யும் மரியாதை இது.

உன் அறைச் சாமான்களும் வந்திருக்கின்றன. கட்டில், துணிமணி, தையல் மெஷின். ஏன் அனுப்பினாய்? உன்னை அழைத்துக்கொள்வதாக நான் சொல்லவில்லையே. கம்பெனி கணக்கில் குடும்பம் என்றால் மனைவி, மக்கள். எனக்கு அவர்கள் ஏன் இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ புருஷனை விட்டுப் பெட்டியோடு வந்து நின்ற வாரம்தான் எனக்குப் பேசிய சம்பந்தம் கைநழுவியது.

தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

நான் அனுப்பவில்லையப்பா. என் அறையைச் சாத்தித்தான் வைத்திருந்தேன். சாமான் கட்ட வந்த ஆள், "சார் வீட்டுச் சாமான் முழுசும்னு சொல்லியிருக்காங்க. இதுல உங்களுது எதும்மா? காட்டுங்க, விட்டுட்டுப் போறோம்" என்றார். எதைக் காட்டுவது? கட்டில் நீ வாங்கியது. மெஷினும் நீ வாங்கியது. நான் யோசித்து முடிப்பதற்குள் மெத்தையைச் சுருட்டிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டில் பாய் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மூக்குக்கண்ணாடியும் கப்பலேறிவிட்டது.

அடுத்த மாதக் கடைசிக்குள் கம்பெனிக்கு வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். நான் அங்கே வருவதா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுது. வேண்டாம் என்றாலும் எழுது.

அக்கா

ஜூலை 2

அக்கா,

கண்ணாடியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அலுவலகத்தில் விசாரித்தேன். "கூடப் பொறந்தவங்களா? உங்கள நம்பித்தான் இருக்காங்கன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க சார், டிக்கெட்டே கொடுத்துருவாங்க" என்கிறார் அதிகாரி. காகிதம் மேசைமேல் இருக்கிறது.

அன்று வந்து நின்றதற்காக நீ ஒருநாளும் வருத்தம் சொன்னதில்லை. இப்போதாவது ஒரு வரி எழுது. கையெழுத்துப் போடுகிறேன்.

தம்பி

ஜூலை 21

அன்புத் தம்பிக்கு,

கண்ணாடி வந்தது. உன் கடிதத்தை அதைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.

உனக்குப் பேசிய சம்பந்தம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. வீடு திரும்பியதில் இல்லை. அங்கேயே இருந்திருந்தால் செத்திருப்பேன். அன்று கதவைத் திறந்தவன் நீதான், என் முகம் எப்படி வீங்கியிருந்தது என்று பார்த்தவனும் நீதான்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். ஒரு பெண்கள் விடுதியில் கணக்குப் பார்க்கும் வேலையும் தங்க அறையும் கிடைத்திருக்கின்றன. சாமான்களைத் திருப்பி அனுப்பும் சிரமம் வேண்டாம். வேண்டியவர்களுக்குக் கொடு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, "எப்ப வராங்க சார்?" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நீ விடுதியின் பெயரோ தெருவோ எழுதவில்லை. நாம் இருந்த வீட்டின் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். அங்கே இப்போது யார் குடிவந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

தம்பி