பீரோக் கண்ணாடிக்குக் கற்றுக்கொடுத்தது

புரியாமல்தான் சிரித்தேன் கண்ணா. வேறு எதுவும் இல்லை.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன், இன்று அதைக் கேட்கவே கூசுகிறது. நீதான் சொல்லிவிட்டாயே. நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை. இங்கே நாங்கள் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் படியைத் திட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். உனக்கு ஒரு காது போனபோதே, கைகளால் பேசக் கற்றுக்கொள் அம்மா என்று சொல்லியிருந்தாய். கற்றதையெல்லாம் கொட்டினேன். மழை, பேருந்து, நாற்காலி, ஒட்டகம். நம் வீட்டுப் பேச்சில் ஒட்டகம் எப்போது வந்தது? பிறகு நீ கைகளாலேயே மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னாய். நான் தலையாட்டினேன், கட்டைவிரலை உயர்த்தினேன், பல் தெரியச் சிரித்தேன். மறுநாள்தான் மருமகள் செய்தி அனுப்பினாள். "அத்தை, இன்னொரு காதும் இனிமே கேக்காதுன்னு டாக்டர் சொன்னதைத்தான் அவர் உங்ககிட்ட சொன்னார். உங்களுக்குப் புரிஞ்சுதா?" அப்போது கார் ஓட்டும் பாடம் ஒன்று முடிந்து வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தோம். என்னிடம் ஓட்டக் கற்க வந்த பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், நான் ஏதாவது தப்பா ஓட்டிட்டேனா மேடம் என்றாள். நீ இல்லம்மா என்றேன்.

எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன், திட்டாதே. ஒரு செயலியில் தொடங்கினேன். கடினமானதும் வேறொரு வீடியோவுக்குத் தாவினேன், பிறகு படப் புத்தகம். எல்லாவற்றிலும் முதல் பாடம்வரை நான் கெட்டிக்காரி. பீரோக் கண்ணாடி முன் நின்று பழகினேன். உங்கம்மா பீரோவுக்குப் பாடம் எடுக்கிறா, பீரோ பாஸாயிடும் என்று அப்பா கேலி செய்தார். என் கைகளை மட்டுமே பார்த்திருக்கிறேன். இன்னொருவர் கைகளைப் படித்ததே இல்லை. எதிரே வருவதைப் பார்க்கத் தெரியாதவருக்கு ஆக்சிலேட்டர் எதற்கு என்று தினமும் யாரையாவது அதட்டுகிறவள் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கேயே சனிக்கிழமைகளில் ஒரு சைகைமொழி வகுப்பு நடக்கிறது, காது கேளாத ஒரு பெண்தான் சொல்லித்தருகிறாள். வாசல்வரை போனேன். உள்ளே எல்லாம் சின்னவர்கள். திரும்பிவிட்டேன். என்னிடம் வருகிறவர்கள் நடுச்சாலையில் வண்டி நின்றுபோய், பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்க, அவமானப்பட்டுத்தான் கற்கிறார்கள். எனக்கு மட்டும் யாரும் பார்க்காத வழி வேண்டியிருந்தது. கண்ணாடி என்னைத் திருத்தவில்லை, அதனால்தான் அது பிடித்திருந்தது.

இனி முதல் பாடத்தில் தொடங்கப்போவதில்லை. நீ என்னிடம் என்ன சொல்வாய், அதிலிருந்து தொடங்குகிறேன். அதற்கும் முன்னால் மூன்று மட்டும்: புரியவில்லை, மெதுவாக, மறுபடி சொல். இவை தெரிந்திருந்தால் அன்று சிரித்திருக்க மாட்டேன். நீ சின்னச் சின்ன வீடியோவாக அனுப்பு, கீழே எதையும் எழுதாதே. எனக்குப் புரிந்ததை எழுதி அனுப்புகிறேன், அபத்தமாக இருந்தால் இருவரும் சேர்ந்து சிரியுங்கள். சனிக்கிழமை வகுப்புக்கும் போகிறேன்.

இருவரும் நன்றாக இருங்கள், மனம் தளராமல் இருங்கள். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார், பிறகு இன்னொரு முறை பார். ஹாரனை நம்பி நடக்கிற காலம் போய்விட்டது கண்ணா.

என்றும் உன்,
அம்மா

பி.கு. ஞாயிற்றுக்கிழமை பேசியதை மருமகள் பதிவுசெய்து அனுப்பியிருந்தாள். இதை மடிக்கும் முன் அதைப் போட்டேன். மூலையில் சிரித்துக்கொண்டிருந்த என்னைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு உன் கைகளை மட்டும் பார்த்தேன். 'அம்மா' தெரிந்தது. 'பயம்' தெரிந்தது. மீதி தெரியவில்லை. மறுபடி போட்டேன்.