மழை விட்ட கோட்டைத் தோட்டம்

வெள்ளவத்தை,
12.06.1998

அன்பு மகள் அருந்ததிக்கு,

நீயும் மருமகனும் ஜெர்மனியில் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். இங்கு எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, தம்பியைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது. தொலைபேசியில் கதைக்கப் பயம், அதனால் நாளை பிராங்பேர்ட் போகும் நாகேந்திரத்தின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ அனுப்பிய படக்கார்டைப் பார்த்துத் தம்பி ஒரு பெரிய படம் கீறினான் அல்லவா, அந்தக் கோட்டையும் மழை விட்டபின் தண்ணீர் தேங்கி நிற்கும் அதன் தோட்டமும், ஹோலில் மாட்டியிருந்தோம், புல்லின் ஈரம் கையில் ஒட்டும்போல இருக்கிறதென்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள், எனக்கும் உள்ளூரப் பெருமைதான். திங்கட்கிழமை காலை, வீட்டில் யார் யார் இருக்கிறோமென்ற பதிவைப் பார்க்கப் பொலிஸ் வந்தார்கள். பதிவுத் துண்டெல்லாம் சரி. போகிற நேரம் அவர்களில் பெரிய அதிகாரி படத்துக்கு முன்னால் நின்று இது எந்த இடம் என்று சிங்களத்தில் கேட்டார். ஜெர்மனி, தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய கார்டைப் பார்த்து மகன் கீறினது என்றேன். உன்னை இதற்குள் இழுக்க மனம் வரவில்லை. அப்படியென்றால் அந்தக் கார்டைக் காட்டு என்றார்.

கார்ட் இல்லை பிள்ளை. போன மாதம் பக்கத்துத் தெருவைப் பொலிஸ் சுற்றிவளைத்துத் தேடிய அன்று, வெளிநாட்டுக் கடுதாசி வீட்டில் இருக்கக்கூடாதென்று உன் கடிதங்களோடு அதையும் நான்தான் அடுப்பில் போட்டேன். முப்பத்தாறு வருஷம் கந்தோரில் உத்தியோகம் பார்த்து ஒரு துண்டுக் கடுதாசி தொலைக்காத மனிதன், என் புத்தியைப் பார். கார்டைக் காணோம் என்றதும், எங்கேயோ குண்டு வைக்கக் கீறின வரைபடமோ என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மதிலும் கோபுரமும் வாசலும் அளந்து கீறினமாதிரி இருக்கிறதாம், பாதையில் வட்டம் வட்டமாக இருப்பது என்னவாம். மழைத்தண்ணீர் என்றான் தம்பி. ஏன் இந்த ஏழு இடத்தில் மட்டும் என்று கேட்டார்கள். படத்தையும் அவனையும் கொண்டுபோய்விட்டார்கள், இன்று ஐந்தாம் நாள். நான் எரித்தது அம்மாவுக்குத் தெரியாது, அவள் சாப்பிடாமல் அலுமாரிகளைக் கிளறிக்கொண்டே இருக்கிறாள், எனக்கு வாய் திறக்க வெட்கமாயிருக்கிறது. கீழ்வீட்டு ஸவாஹிருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, நேற்று அவர்தான் போய்ப் பார்த்து வந்தார். ஆள் நல்லா இருக்கார் என்றார், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதே கார்டை உடனே வாங்கி அனுப்பு, பின்பக்கம் இடத்தின் பெயர் அச்சடித்திருக்கவேண்டும். அதிலும் ஒரு சிக்கல். தம்பியின் படத்தில் கோட்டை வாசலடியில் குடை பிடித்தபடி ஒரு பெண் நிற்கிறாள், கார்டில் அப்படி ஒருவரும் இல்லை. அது அக்கா என்று ஸவாஹிரிடம் மெல்லச் சொன்னானாம். இவள் யார், எங்கே இருக்கிறாள் என்றுதான் இப்போது திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். சும்மா கீறினது என்கிறானாம், உன் பெயரை இன்னும் சொல்லவில்லை.

ஆவணியில் வர டிக்கெற் எடுத்திருக்கிறாய், அம்மா நாள் எண்ணுகிறாள், எனக்கும் உன்னைப் பார்க்கவேண்டும்போல்தான் இருக்கிறது. வராதே பிள்ளை.

இருவரும் நீடு வாழ என் ஆசீர்வாதம். கார்ட் அனுப்பும்போது உறையில் உன் பெயரைப் போடாதே.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
க. நமசிவாயம்